எங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை

அந்த அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'சரி சார்'. விடை சரியாக வந்தாலும் சரி என்பார். தப்பாக வந்தாலும், "சரி, இதையே வேற மாதிரி பார்ப்போமா?" என்பார். ஆசிரியர் அறையிலும் அதே கதைதான். யாராவது வராத நாளில் அவர்கள் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் சரி. விழாவுக்கு நாற்காலி போடச் சொன்னால் சரி. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த அவர் இடத்தைப் புதிதாக வந்த வேதியியல் வாத்தியார் பிடித்துக்கொண்டபோதும், சரி என்று ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். மதியத்தில் வெயில் முகத்தில் அடிக்கும். அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

நகரத்தில் எண்ணிக்கையில் குறைவான ஒரு சமயத்தைச் சேர்ந்தவர் அவர். பழைய கடைவீதிக்குப் பின்னால் அவர்களுக்கென்று ஒரு வழிபாட்டுக் கூடம் இருந்தது. அதைச் சுற்றி நாலைந்து தெருக்களில் அவர்கள் வீடுகள். அவருடைய அப்பா ஓர் அதிகாரிக்குக் கார் ஓட்டியவர். "நம்ம விஷயம் நம்ம வாசலோட" என்பதுதான் அப்பா பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே பாடம். அவர்களுடைய வருஷத்துப் பெரிய நாளில் அவர்கள் சனமெல்லாம் கூடத்தில் கூடியிருக்கும்போது, அப்பா அதிகாரியின் காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். பணி ஓய்வு நாளன்று அந்த அதிகாரி, "இவரு எந்தச் சாமி கும்பிடறாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்படி ஒரு மனுஷன்" என்று பாராட்டிப் பேசினார். அதை அப்பா சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுல என்னப்பா பெருமை இருக்கு?" என்று ஒருமுறை அக்கா கேட்டாள். தம்பிதான் அவளை முறைத்தான். அந்தத் தம்பிதான் பிற்பாடு கணக்கு வாத்தியார் ஆனது.

பெரிய நாள் எப்போதும் அரையாண்டுப் பரீட்சை சமயத்தில்தான் வந்து நிற்கும். பெரும்பான்மையினரின் பண்டிகைகளுக்கெல்லாம் பள்ளிக்கு விடுமுறை உண்டு, இதற்குக் கிடையாது. அப்பாவைப் போலப் போகாமல் இருக்கவும் வாத்தியாருக்கு மனம் வராது. இன்ன காரணத்துக்காகப் போகிறேன் என்று சொல்லவும் வாய் வராது. அதனால் வருஷந்தவறாமல் அன்றைக்கு அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். காலையில் தொலைபேசியில் ஈனக்குரலில் விடுப்பு சொல்லிவிட்டு, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவார்.

"பரீட்சைன்னா பசங்களுக்குத்தான் வயித்தைக் கலக்கும். நம்ம பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கே கலக்குது" என்று வேதியியல் வாத்தியார் கிண்டல் செய்வார். ஒரு தடவை ஜீரணத்துக்கு நல்லது என்று ஒரு பொட்டலம் சூரணம்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். கணக்கு வாத்தியார் அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

அதே வேதியியல் வாத்தியார்தான் சில நேரம் கணக்கு வாத்தியாரின் சமயத்தாரைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு, "உங்களைச் சொல்லல சார். நீங்க அந்த மாதிரி ஆளே இல்ல" என்று தோளில் தட்டுவார். அந்தத் தட்டலில் கணக்கு வாத்தியாருக்கு உள்ளூர ஒரு சுகம் இருந்தது. வெகு காலம் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தார்.

அக்கா அஞ்சலகத்தில் பார்சல் பிரிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள். அவள் மகள் இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. அந்த வருஷம் பரீட்சை அட்டவணை வந்தபோது, பெரிய நாளன்று கணக்குப் பரீட்சை என்றிருந்தது. அக்கா தெருத்தெருவாகப் போய்ப் பெற்றோர்களைத் திரட்டினாள். பள்ளி தன் விருப்பத்துக்கு விட்டுக்கொள்ளக்கூடிய விடுமுறை நாட்கள் ஒன்றிரண்டு உண்டு. அதில் ஒன்றைத் தங்களுக்குக் கொடுக்கும்படி பெற்றோர் கூட்டத்தில் கேட்பது என்று முடிவானது. தம்பியிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. "நீ அங்க வேலை பார்க்கிறவன். உன்னை இழுத்து விட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

கூட்டம் பள்ளியின் மேல்மாடிக் கூடத்தில் நடந்தது. ஆசிரியர்கள் மேடையோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா வேலை உடுப்போடு நேரே வந்திருந்தாள். எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"எங்க பிள்ளைங்க வருஷா வருஷம் சாமியா பரீட்சையான்னு நிக்குதுங்க. பரீட்சைக்கு வந்தா வீட்டுல எல்லாருக்கும் மனசு கஷ்டம். வரலைன்னா முட்டை மார்க். ஒரு நாள்தாங்க கேக்கிறோம்."

ஒரு பஸ் ஓட்டுநர் எழுந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க அம்மா. லீவு விட்டா நானும் என் வீட்டுக்காரியும் பிள்ளைங்களை எங்க விட்டுட்டு வேலைக்குப் போறது? இப்பவே விடற லீவுக்கே திண்டாடறோம்." அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எல்லாப் பண்டிகைக்கும் விடுமுறையை ரத்துசெய்துவிட்டால் தொல்லையே இல்லை என்றார் ஒருவர். அப்படியானால் முதலில் உங்கள் பண்டிகையிலிருந்து ஆரம்பியுங்கள் என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, கூடம் சலசலத்தது.

தலைமையாசிரியை கையமர்த்தினார். கண்டிப்பானவர், ஆனால் யாரையும் எடுத்தெறிந்து பேசாதவர். கணக்கு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களும் அவங்கள்ல ஒருத்தர்தானே. நீங்க சொல்லுங்க. இது உங்களுக்கு அவ்வளவு முக்கியமான நாளா?"

எல்லாக் கண்களும் அவர்மேல் விழுந்தன. வேதியியல் வாத்தியார் புருவத்தை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் பார்த்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. தம்பி உண்மையைச் சொல்லுவான் என்ற சாதாரண நம்பிக்கைதான் இருந்தது. கணக்கு வாத்தியார் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வாய் தன் பழக்கத்தில் பேசியது.

"அப்படி ஒண்ணும் இல்லைங்க மேடம். கும்பிடறதை சாயங்காலம் வச்சுக்கலாம். படிப்புதான் முக்கியம். எங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. அவர் உட்கார்ந்ததும் வேதியியல் வாத்தியார் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அக்கா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தலைமையாசிரியை ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு, "சரி, அடுத்த விஷயத்துக்குப் போவோம்" என்றார். அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் கணக்கு வாத்தியாரின் காது மடல்கள் கொதித்துக்கொண்டிருந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் கால் அங்கேதான் இழுத்துக்கொண்டு போனது. அக்கா சண்டை போடுவாள், நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தார். அவள் காபி கலந்து கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்தாள்.

"அக்கா, அந்த இடத்துல திடீர்னு கேட்டதும் எனக்கு..."

"உனக்கு வேணாம்னு சொல்லியிருந்தா பரவால்ல தம்பி. அது உன் இஷ்டம்." அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்களுக்குன்னு சொன்னே பாரு. எங்களையெல்லாம் எப்பக் கேட்டே?"

அவர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். அந்த நேரத்தில் மருமகள், அக்காவின் பெண், டியூஷன் முடிந்து உள்ளே வந்தாள். பிறந்ததிலிருந்து அவர் தோளில் வளர்ந்த பெண். பள்ளியில் மட்டும் சார் என்று கூப்பிடுவாள். வீட்டில் மாமாதான், அதுவும் ஒருமையில். வாசலில் அவரைப் பார்த்ததும் புத்தகப் பையை இறக்கி வைத்தாள்.

"வாங்க சார்" என்றாள்.

அதில் குத்தல் இல்லை. கேலி இல்லை. வகுப்பில் சொல்வது போலவே மரியாதையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்காகூட நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி நடந்தார்.

பெரிய நாள் வந்தது. அந்த வருஷம் அவருக்கு வயிற்றுவலி வர வழியில்லை. பிரச்சினையே இல்லை என்று ஊரறியச் சொன்னவர் எந்த முகத்தோடு விடுப்புக் கேட்பது? பள்ளிக்குப் போனார். வழிபாட்டுக் கூடத்தை ஒட்டிய தெரு வழியாகப் போனால் தெரிந்தவர்கள் எதிர்ப்படுவார்கள் என்று சந்தைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கி விழப் பார்த்தார்.

பத்தாம் வகுப்புக்கு அவரையே மேற்பார்வையாளராகப் போட்டிருந்தார்கள். சில மேசைகள் காலியாக இருந்தன. அவை யாருடையவை என்று வருகைப் பதிவைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகளில் மருமகள் மட்டும் வந்திருந்தாள். தலை நிமிராமல் எழுதினாள். நடுவில் கையைத் தூக்கி, "பேப்பர் வேணும் சார்" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். காலியான மேசைகளின் மேல் வைத்த வினாத்தாள்களைப் பரீட்சை முடிந்து திரும்ப எடுக்கும்போது அவருக்குக் கை கூசியது.

வீட்டுக்குப் போகாமல் தலைமையாசிரியை அறைக்குப் போனார். வராத பிள்ளைகளுக்கு மறுபரீட்சை வைக்க முடியுமா என்று கேட்டார். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் சார்? உங்களுக்குப் பிரச்சினையே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொய் சொன்னேன் மேடம்."

அவர் புரியாமல் பார்த்தார். கணக்கு வாத்தியார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வயித்துவலின்னு எதுவுமே கிடையாது மேடம். எந்த வருஷமும் வந்ததில்ல. இந்த நாளுக்குத்தான் லீவு போடுவேன்."

தலைமையாசிரியைக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. வருஷக்கணக்கில் அந்த வயிற்றுவலியை நினைத்துப் பார்த்தாரோ என்னவோ. கணக்கு வாத்தியாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு உங்களை எதுக்குக் கேட்டேன்னு நினைச்சீங்க? ஆமாம்னு சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன். பெத்தவங்க மட்டும் கேட்டா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. நம்ம வாத்தியாரே சொன்னாருன்னா எல்லாரும் அடங்கிடுவாங்க, நானும் அந்த நாளைக் கொடுத்துடலாம்னு இருந்தேன். நீங்க சொன்னதுக்கு அப்புறம் நான் என்ன சார் பண்றது?"

கணக்கு வாத்தியார் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார். எதற்குப் பயந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். பயப்பட அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. யாரும் அவரை மிரட்டவில்லை, யாரும் எதையும் பறித்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. அவரே போய்ச் சாத்தியிருக்கிறார்.

மறுபரீட்சைக்குத் தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் வந்து எழுதிவிட்டுப் போனார்கள். ஆனால் வருஷம் முழுக்க கணக்கு வாத்தியார் கூட்டத்தில் சொன்ன வாக்கியம் அவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. வேறொரு பள்ளியிலும் இதே கோரிக்கை எழுந்தபோது, அங்கே ஒருவர், "அவங்க வாத்தியாரே வேணாம்னுட்டாரே" என்றாராம். அக்காதான் சொன்னாள், செய்தி சொல்வது போல. வழிபாட்டுக் கூடத்தில் சனங்கள் அவரிடம் எப்போதும் போல நலம் விசாரித்தார்கள், தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர்கூட அதைப் பற்றி எடுக்கவில்லை. அவர் கூனிக் குறுகி ஓர் ஓரமாக உட்கார்ந்து, எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய்விடுவார்.

அடுத்த வருஷப் பெற்றோர் கூட்டத்தில், யாரும் கேட்கும் முன்பே அவர் எழுந்தார்.

"போன வருஷம் இங்க நான் சொன்னது உண்மை இல்ல. யார்கிட்டயும் கேக்காம எல்லாருக்கும் சேர்த்துப் பேசிட்டேன். எனக்கு அந்த நாள் முக்கியம். நானே உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லி லீவு எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

வேதியியல் வாத்தியார் தரையைப் பார்த்தார். முன்வரிசையில் ஓர் அம்மா, "பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவரு நீங்க" என்றாள். அவர், "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார்.

பஸ் ஓட்டுநர்தான் வழி சொன்னார். அன்றைக்குப் பாடமும் பரீட்சையும் வேண்டாம், ஆனால் பள்ளிக் கதவை மட்டும் பூட்ட வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் வந்து விளையாடட்டும், ஒன்றிரண்டு வாத்தியார்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு அப்படியே முடிவானது. வெகு சுலபமாக முடிந்துவிட்டது. அந்தச் சுலபம்தான் கணக்கு வாத்தியாரை இன்னும் சுட்டது. அக்கா மற்றப் பெண்களோடு பேசிக்கொண்டே படியிறங்கிப் போனாள். திரும்பி ஒருமுறை தலையசைத்தாள். மருமகள் அதற்குள் மேல்படிப்புக்கு வேறு பள்ளிக்குப் போயிருந்தாள்.

அவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பஸ் ஓட்டுநர் பக்கத்தில் வந்து நின்றார்.

"கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க சார். அன்னைக்கு நீங்கல்லாம் என்னதான் செய்வீங்க? இத்தனை வருஷமா இதே ஊர்ல இருக்கேன், ஒண்ணுமே தெரியாது."

கணக்கு வாத்தியார் வாயைத் திறந்தார். இத்தனை வயதுக்கு வெளியாள் ஒருவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. முகம் சிவந்தது.

"காலையில..." என்றார். கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். "காலையில சீக்கிரமே எழுந்துருவோம்."

ஓட்டுநர் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.