ஈரத்துணி டப்பாவும் கண்டக்டரின் காலும்

நீல மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா அது. மேல்சித்தாமூர் தாண்டி ஓர் ஏரிக்கரையில், கூடாரத்துக்கு வெளியே ஒரு பாறைமேல் வைத்திருந்தேன். பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். எடுக்கலாம் என்று கையை நீட்டுகிறேன், நான் தொடுவதற்கு முன்பே மூடி ‘டப்’ என்று எகிறி என் மூக்குக்கண்ணாடியில் பட்டு விழுந்தது. பின்னாலேயே ஒரு வாசனை வந்தது. அரைத்து வைத்து, இரண்டு நாள் மறந்துபோன இட்லி மாவின் வாசனை. நான் கைப்பட வெட்டி, மடித்து, அடுக்கிய துணிகளுக்கு நடுவே சின்னச் சின்ன நுரைக் கொப்புளங்கள் கிளம்பி உடைந்துகொண்டிருந்தன. அந்தத் துணிகளால்தான் முந்தைய நாள் இரண்டு தடவை கண்டக்டரின் காலைத் துடைத்திருந்தேன்.

கண்டக்டர் என்றால் எனக்கு ஒரே கண்டக்டர்தான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் பதினான்கு வருடம் நான் முன்னால் உட்கார்ந்து ஓட்டினேன், அவன் பின்னால் நின்றபடி வந்தான். என்னைவிட நாலு வயது மூத்தவன், ஆனாலும் ‘வாய்யா, போய்யா’தான். பேச்சைவிட எங்களுக்குள் விசில்தான் அதிகம். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். அவன் ஒரு விசில் கொடுத்து நான் பிரேக்கில் கால் வைக்காமல் இருந்தது ஒரு நாளும் கிடையாது. காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் நிறுத்த வேண்டும். அது எங்கள் தொழிலின் ஒழுங்கு. மற்றபடி என் வாயை அவனால் நிறுத்த முடிந்ததில்லை. படிக்கட்டில் தொங்குகிறவர்களிலிருந்து முதலாளி வரைக்கும் நான் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. அவன் நேர் எதிர். சுத்தக்காரன். டிரிப்புக்கு டிரிப்பு கை கழுவுவான், கழுத்துப் பட்டையில் அழுக்குத் தெரிந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

நின்றே வேலை செய்த கால்களை சர்க்கரை வியாதி பிடித்துக்கொண்டது. இடது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். அதோடு வேலையை விட்டான். மிச்சமிருந்த ஒன்பது விரல்களிலும் உணர்ச்சி கிடையாது. “என் கால்ல இன்னிக்குத் தேள் கொட்னா சேதி நாளைக்குத்தான்யா வரும், தபால்ல” என்பான். அவன் அதிகம் ஜோக்கடிக்காதவன் என்பதால் அதற்கு நான் மட்டும் சிரித்தேன், அவன் மனைவி சிரிக்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்துவிட்ட ஆறாவது மாதம் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. “காத்தால ஷெட்டு, சாய்ங்காலம் ஷெட்டுன்னே போயிடுச்சிய்யா. எங்கனா வெட்டவெளியில ஒரு கூடாரத்தப் போட்டுக்கினு படுத்து எழுந்திரிக்கணும்” என்றான். என் அக்கா மகன் குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறான். அங்கே வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போன கூடாரம் ஒன்று சும்மா கிடந்தது. கூடாரம் கிடைத்துவிட்டது. அவன் மனைவியின் அனுமதிதான் கிடைக்கவில்லை.

“ஏரித்தண்ணி கால்ல படக்கூடாது. ஆனா மண்ணும் புழுதியும் அப்பிக்கினு இருக்கவும் கூடாது. விரல் சந்துல ஈரம் நிக்கக்கூடாது. இதெல்லாம் டாக்டரம்மா சொன்னது. உங்களால ஆவுமாண்ணே?” என்று என்னைக் கேட்டது தங்கச்சி. அவன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவது. கடையில் விற்கும் ஈரத்துணிப் பாக்கெட் ஆகாது, அதிலிருந்த சென்ட்டு பட்டு ஒரு முறை அவனுக்குத் தோல் தடித்துப்போனது. நான் மார்பைத் தட்டிக்கொண்டேன். “கடைத்துணி இன்னாத்துக்கும்மா? நானே பண்ணிக்கினு வர்றேன். குழந்தைக்குத் தொடைக்கிற மாரி இருக்கும்.” அன்றைக்கு என் வாயை யாராவது தைத்திருக்கலாம்.

புதன்கிழமை வேலையை ஆரம்பித்தேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன என் வேட்டி ஒன்றைச் சாண் சதுரமாக வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து வெயிலில் உலர்த்தினேன். இன்னொரு பாத்திரத்தில் வேப்பிலையும் வெட்டிவேரும் போட்டு, தண்ணீர் பாதியாகச் சுண்டும் வரைக்கும் கொதிக்கவிட்டு ஆற வைத்தேன். இத்தோடு நிறுத்தி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் நனைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் சோப்பு இல்லாமல் அழுக்கு எப்படிப் போகும் என்று ஒரு யோசனை. குழந்தைகளைக் குளிப்பாட்டப் பயத்தமாவுதானே போடுகிறோம், இரண்டு கை பயத்தமாவை அள்ளி அந்தத் தண்ணீரில் கரைத்தேன். எட்டிப் பார்த்த என் மனைவி, “மாவ தண்ணில கரைச்சி வெச்சா இன்னா ஆவும்னு தெரியாதா உங்களுக்கு?” என்றாள். “பளபளன்னு ஆவும்” என்றேன். துணிகளை அதில் நனைத்து, பிழிந்து, டப்பாவில் அடுக்கி, காற்றுப் போகாமல் இறுக்கி மூடினேன். ஏரிக்குப் போக இரவல் வாங்கி வந்திருந்த காரின் பின்பக்கத்தில் வைத்தேன். வண்டி மூன்று நாள் வெயிலில் நின்றது. ஆயுசு முழுக்கத் தினமும் இட்லி தின்றவன், மாவும் ஈரமும் சூடும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் அந்த மூன்று நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நன்றாகவே போனது. அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையைக் கொறித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கும் கொக்குகளைப் பார்த்தபடி கிடந்தோம். மத்தியானம் ஒரு முறை, பொழுது சாய்வதற்கு முன் ஒரு முறை அவன் காலைத் துடைத்தேன். “இன்னாய்யா, லேசாப் புளிச்ச வாட வருது?” என்று கேட்டான். “வெட்டிவேர் அப்படித்தான் இருக்கும், நீ பாத்ததில்ல” என்றேன். அவன் மூக்கு என் மூக்கைவிடச் சுத்தம் என்பது பதினான்கு வருடமாகத் தெரியும். இருந்தும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மூடி எகிறியதும் மூக்குக்கண்ணாடியைக்கூடச் சரிசெய்யவில்லை. ஓடிப்போய் அவன் காலைத் தூக்கிப் பார்த்தேன். நாலாம் விரலுக்குக் கீழே, விரல் எடுத்த இடத்துத் தழும்பை ஒட்டி நகக்கண் அளவு ஒரு வெடிப்பு. முந்தைய நாள் அது என் கண்ணில் படவில்லை. சுற்றிலும் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. அவனுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. டப்பாவை எட்டிப் பார்த்து, “நல்லாப் பொங்கியிருக்குய்யா. தோசைக்கல்லு எடுத்தாந்தியா?” என்றான். அவன் அடித்த ஜோக்குக்கு வாழ்க்கையில் முதல் முறையாக நான் சிரிக்கவில்லை.

திண்டிவனத்தில் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரைக்கும்தான் இருப்பார். கூடாரத்தை மடிக்க எனக்கு வரவில்லை, சுருட்டித் திணித்தேன், அதில் பாதி கதவுக்கு வெளியே தொங்கியது. பஸ் ஓட்டிப் பிழைத்தவன், சாவியைத் தலைகீழாகச் சொருகிவிட்டு வண்டி கெட்டுப்போச்சு என்று புலம்பினேன். எடுத்த எடுப்பில் மூன்று முறை வண்டி அணைந்தது. “மெதுவாப் போய்யா, கால் என்னுது, நீ எதுக்கு இவ்ளோ பேஜார் பண்ணிக்கினு இருக்கே?” என்றான் அவன். ஒரு விரல் போனதற்கே அவன் வீடு பட்டபாடு எனக்குத் தெரியும். இந்த முறை விரலோடு நிற்காது. அதுவும் என் இரண்டு கை பயத்தமாவால்.

டாக்டரம்மா வெடிப்பைப் பார்த்ததும் முகம் மாறினார். “இதுல என்ன போட்டீங்க?” என்றார். அறைக்குள் ஒரு நர்ஸம்மா இருந்தார். கதவு திறந்தே கிடந்தது, வெளியே பெஞ்சில் பத்துப் பேர். நான் சொன்னேன்: “வெறும் தண்ணிதாங்க. ஆறின வெந்நீரு.”

எப்படி வந்தது அந்தப் பொய் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தங்கச்சிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், பெஞ்சில் இருந்தவர்கள் சிரிப்பார்கள் என்ற வெட்கம், எல்லாம் சேர்ந்து வாயைத் திறந்தவுடன் அதுதான் வந்து விழுந்தது. ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு, தன்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்களே என்று வேர்த்தது. டாக்டரம்மா தலையாட்டிவிட்டு, மேலாகத் துடைத்து மருந்து வைத்தார். நர்ஸம்மா கட்டுத்துணியைப் பிரித்தார். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, மெதுவாக ஒரு விசில் அடித்தான். ஒன்றே ஒன்று.

பிரேக் போட்ட மாதிரி நான் நின்றேன். “இருங்கம்மா, கட்டாதீங்க” என்று கத்தியேவிட்டேன். வேட்டி, வேப்பிலை, வெட்டிவேர், இரண்டு கை பயத்தமாவு, மூன்று நாள் வெயில் என்று வரிசையாக ஒப்பித்தேன். சமையல் குறிப்பு சொல்வது போலவே இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் நர்ஸம்மா, “வெந்தயம் போடலையாண்ணே?” என்று கேட்டார். பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர், “அதான் உளுந்து சேக்காம பண்ணா இப்படித்தான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. வைத்த மருந்தை எடுத்துவிட்டு வெடிப்பை விரித்து விளக்கடியில் பார்த்தார். உள்ளே பழுப்பாக மாவு அப்பிக் கிடந்தது. அரைமணி நேரம் கழுவினார், சுரண்டினார். அப்புறம் என்னிடம், “இதை உள்ளயே வெச்சிக் கட்டியிருப்பேன்” என்றார். இன்னும் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “ரெண்டு நாள் பார்ப்போம். கருப்பு ஏறினா விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அதுக்கப்புறம் எது வரைக்கும் எடுக்கணும்னு அவங்க சொல்வாங்க.”

அந்த இரண்டு நாள் நான் பட்டதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மணிக்கு ஒரு முறை போன் போட்டு, “கலர் இன்னாய்யா?” என்று கேட்டேன். “சேப்பு.” மறுபடியும், “இப்போ?” “அதே சேப்பு. ஜல்தி ஜல்தியா மாறத்துக்கு அது இன்னா சிக்னலாய்யா?” என்றான். தட்டில் இட்லி வந்தால் எழுந்து போனேன். என் காலைக் கீழே வைக்கவே கூசியது. அவன் காலுக்குப் பதில் என் காலை எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சாமியிடம் கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ‘விரல் மட்டும்’ என்று திருத்திக்கொண்டேன். பயந்தாங்கொள்ளியின் வேண்டுதல் அப்படித்தான் இருக்கும்.

கருப்பு ஏறவில்லை. ஐந்து வாரம் தினமும் கட்டு மாற்றி, வெடிப்பு மூடியது. அந்த ஐந்து வாரமும் தங்கச்சி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காபி வைக்கும், போய்விடும். புண் ஆறிய அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. “அவருக்குக் குனிஞ்சி அடிக்கால் பாக்க முடியாது. எனக்குக் கண்ணுல புரை. நீங்கதான தொடச்சீங்க, நீங்களே பாருங்க. தெனம் சாய்ங்காலம் ஆறு மணிக்கு வந்துடணும். சாவற வரைக்கும்.” யார் சாகும் வரைக்கும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

நாலு வருடம் போனேன். கண்டமங்கலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாலும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். அவன் நாற்காலியில் சாய்வான், நான் எதிரில் முக்காலியில். காலைத் தூக்கி என் மடியில் வைப்பான். உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொரு விரல் சந்தாகப் பிரித்து, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்து, சமையலறைக்குக் கேட்கும்படி, “ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா கீது” என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் காபி. “பெரிய கலெக்டர் கணக்கா இன்ஸ்பெக்சன் பண்றான் பாரு” என்பான் அவன். பஸ்ஸில் பதினான்கு வருடத்தில் அவன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததுதான் அதிகம். காலைத்தான் நேரில் பார்த்தேன். எந்த விரல் எந்தப் பக்கம் வளைந்திருக்கும், எந்த நகத்தில் கோடு விழுந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டே இருந்தவனுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. திங்கட்கிழமை மாலை கால் அவ்வளவு சுத்தமாக இருந்தது. நாலு வருடமாக நான் காவல் இருந்தது வேறு ஒரு வாசலில். ஒன்பது விரலும் இருந்தபடியே அவனைக் கொண்டுபோனார்கள். தங்கச்சி அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதது. “ஒரு காயமில்லாம வெச்சிருந்தீங்களே, அண்ணே.” எனக்கு எங்கேயாவது ஓடிப்போக வேண்டும் போல இருந்தது.

இப்போதும் ஆறு மணி ஆனால் என்னால் வீட்டில் உட்கார முடிவதில்லை. நேற்றும் போனேன். தங்கச்சி பழக்கத்தில் காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, சமையலறையில் அப்படியே நின்றது. எனக்குப் புரிந்தது, ‘சுத்தமா கீது’ என்று நான் சொன்ன பிறகுதான் காபி. முக்காலியில் உட்கார்ந்தேன். மடியில் துண்டை விரித்தேன். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.