மதியம் ஒன்று முதல் நான்கு வரை விண்வெளி

எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடைகளின் ஷட்டர் இறங்கினால் மறுபடி ஏற நாலு மணியாகிவிடும். வெளியூர்க்காரர்களுக்குக் கோபம் வரும். இங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்டுப் போன தூக்கம் என்பார்கள். அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த எனக்கு அந்தத் தூக்கம் வாய்க்கவேயில்லை. யார் யாரோ எழுதிய கடிதங்களை அடித்துக்கொண்டே, ஓய்வு பெற்றதும் அந்த மூன்று மணி நேரத்தை என்ன செய்வது என்று திட்டம் போட்டுக்கொண்டிருப்பேன். விண்வெளிக் கதை படிப்பது என்பதுதான் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகங்களை நடைபாதையிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். அட்டையில் ராக்கெட்டோ இரண்டு நிலவோ இருந்தால் போதும், எடுத்துவிடுவேன். வாங்கிய கையோடு படித்திருக்கலாம். ஊறுகாய் மாதிரி மூடி வைத்தேன், அலமாரி நிறைய. என் ஆயுளில் செய்த முட்டாள்தனங்களில் இதற்குத்தான் முதலிடம்.

ஏனென்றால் ஓய்வு பெற்ற அறுபதாம் வயதிலேயே இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஜன்னலின் ஓரம் தெரியும், ஜன்னலில் நிற்பவர் முகம் தெரியாது. புத்தகத்தைப் பிரித்தால் வரி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலாக ஒரு திட்டு. "இருக்கிறதக் காப்பாத்தலாம்மா, போனது வராது" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். அதற்குள் என்னென்ன நடக்கிறது என்று தெரியாமலே போய்ச் சேரப்போகிறேனே என்ற ஆத்திரம்.

என் வீட்டுக்காரர் நோணாங்குப்பத்து ஆற்றில் சுற்றுலாப் படகு ஓட்டியவர். பேப்பரைத் தவிர எதையும் படித்தவரில்லை. "அழாத. மதியத்துல நான் படிக்கிறேன், நீ கேளு" என்றார்.

படித்தார். தட்டித் தடுமாறி, பத்து வரிக்கு ஒரு சந்தேகத்தோடு. "இம்மாந்தூரம் போறானே, டீசல் எங்க ஊத்துவான்?" என்பார். "இத்தினி பேர ஏத்துறான், லைஃப் ஜாக்கெட் போட்டாங்களான்னு ஒரு வார்த்த இல்லியே" என்பார். "படிங்கன்னா படிங்க" என்று கத்தியிருக்கிறேன். போகப்போக, அடுத்து என்ன கேட்பாரோ என்று நானே காத்திருக்க ஆரம்பித்தேன். நாற்பது வருடம் ஒன்றாக இருந்தும், இந்த மனிதர் தலைக்குள் இத்தனை கேள்விகள் இருப்பது எனக்குத் தெரியாது.

மூன்றாவது புத்தகம் பொடி எழுத்து, தடி அட்டை. முதல் சில நாட்கள் திணறினார். பிறகு திடீரென்று கதை சூடு பிடித்தது. தடுமாற்றமே இல்லை, சந்தேகமும் இல்லை. நல்ல எழுத்தாளர், இத்தனை நாள் இவரை மூடி வைத்திருந்தோமே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஒரு நாள் கப்பல் புதுக் கிரகத்தை நெருங்கியது. கப்பலை ஓட்டும் கிழவி அதை இறக்க மறுத்துவிட்டாள். "தண்ணி ஏறட்டும், இப்பப் போனா மணல்ல தட்டிரும்" என்றாளாம்.

எனக்குச் சுருக்கென்றது. விண்வெளியில் ஏது மணல் திட்டு?

"அந்தப் பக்கத்தத் திரும்பப் படிங்க" என்றேன். படித்தார். மணல் இருந்தது, கிழவியின் பேச்சு மாறியிருந்தது.

"இன்னொரு தரம்."

பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க?"

"எழுத்து தெரியல" என்றார். "ரெண்டு வாரமா. எல்லாம் பனி மூட்டமாக் கெடக்கு."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொன்னா ஒனக்கு யாரு படிப்பா?"

கண்புரையாகத்தான் இருக்கும், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று புத்திக்குத் தெரிந்தது. பயம்தான் போகவில்லை. இரண்டு கிழங்கள், நாலு கண், ஒரு வரி படிக்க நாதியில்லை. இரண்டு வாரமாக இந்த மனிதர் தெரியாத பக்கத்தை நேரம் பார்த்துத் திருப்பிக்கொண்டு, எனக்காக நட்சத்திரங்களுக்கு நடுவே படகு விட்டிருக்கிறார். நான் மெச்சிய எழுத்தாளர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்திருக்கிறார். கையை நீட்டி அவர் முகத்தைத் தொட்டேன். கன்னம் ஈரமாக இருந்தது.

"நாளைக்கே டாக்டர்ட்டப் போறோம்" என்றேன்.

"சரி" என்று புத்தகத்தை மூடப்போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மூடாதீங்க. கப்பல் எறங்குச்சா இல்லியா?"

புத்தகம் மறுபடி விரியும் சத்தம் கேட்டது.

"எனக்கே இன்னும் தெரியல. இரு, பாப்போம்" என்று பக்கத்தைத் திருப்பினார்.