கொக்குக்கு மட்டும் வலசை

கரும்புச் சோகை கையை அறுத்த இடத்தில் வியர்வை பட்டால் ஓர் எரிச்சல் எரியும். "வலசை" என்ற சொல்லை எங்கே கண்டாலும் எனக்கு இன்றும் முதலில் அந்த இடம்தான் எரிகிறது.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் நிலக்கடலையை, எங்கள் பேச்சில் "மல்லாட்டை"யை, பிடுங்கி முடித்தால் அப்புறம் வேலை கிடையாது. கார்த்திகைத் தீபம் முடிந்து, அண்ணாமலை உச்சியிலிருந்து கொப்பரையை இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், சட்டி பானையோடு லாரி ஏறி ஆந்திராவுக்குக் கரும்பு வெட்டப் போவோம். வீட்டில் அதற்குப் பெயர் "வெட்டுக்குப் போறது". போன இடத்துத் தெலுங்குக்காரர்கள் எங்களை "வலச" வந்தவர்கள் என்றார்கள். அந்தச் சொல் அப்பாவின் வாயில் ஒட்டிக்கொண்டது. கரும்புத் தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுக் குழாயடியில் நான் சத்தம் போட்டால், "கம்முனு இரு, நாம வலச வந்தவங்க" என்று அடக்குவார். ஆக, வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் அந்தச் சொல்லுக்கு நான் கற்ற முதல் அர்த்தம்.

பங்குனியில் திரும்பி வந்தபோது ஆறாம் வகுப்பில் பறவைகள் பாடம் நடந்துகொண்டிருந்தது. நடத்திய தமிழ் வாத்தியார்தான் வகுப்பாசிரியரும். நான் முழுப் பரீட்சை எழுதலாமா கூடாதா என்பது அவர் கையில் இருந்தது. மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்து, எங்களைப் போன்ற பிள்ளைகளின் பெஞ்சைத் தாண்டும்போது மட்டும் மூக்கைச் சுளிக்கிற மனிதர். "வலசை"யை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். தெரிந்த சொல் வந்துவிட்ட சந்தோஷத்தில் எழுந்து, "நாங்க ஆந்திராவுக்கு வலசை போயிட்டு வந்தோம் சார்" என்றேன்.

"வலசை போறதுக்கு நீ என்ன கொக்கா? பறவை போனாத்தான் அது வலசை. உங்கப்பன் போனது வயித்துப் பொழப்புக்கு."

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் "கொக்கு". கொக்கு மட்டும் என்ன, ஊர் சுற்றிப் பார்க்கவா போகிறது என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. அம்மாவுக்கு வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "கொக்கு திரும்பி வந்தா ஏரி சேத்துக்குது சார். எம் பொண்ண நீங்க சேத்துக்க மாட்டீங்களா?" என்றாள். "வாய் ஜாஸ்தி" என்றார் அந்த மகா பண்டிதர். வருகை கம்மி என்று சொல்லி, என்னைப் பரீட்சைக்கு உட்கார விடவில்லை. அடுத்த வருஷம் என்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் வெட்டுக்குப் போனார்கள். கூடப் படித்தவர்கள் ஏழாவதில் இருக்க, அதே பறவைப் பாடத்தை அதே வாயிலிருந்து நான் இன்னொரு முறை கேட்டேன்.

போன மார்கழியில் அடி அண்ணாமலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாடி வீட்டு வாசலில் "வலசை இல்லம்" என்று பலகை தொங்கியது. கீழே நாற்காலியில் அந்தத் தமிழ் வாத்தியாரேதான் உட்கார்ந்திருந்தார். தீபத்துக்கு வந்து, கோடை வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடும் வெள்ளைக்காரர்களுக்கு மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறாராம். பெயர் நன்றாயிருக்கிறதே என்றேன். முகமெல்லாம் பூரித்தது.

"அவங்கல்லாம் வலசைப் பறவைங்கம்மா. எவ்ளோ பொருத்தம் பாருங்க!"

தோல் வெளுத்திருந்தால் மனிதனும் வலசை போகலாம் என்பதுதான் இவர் இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த இலக்கணம் போலிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையைத் தூர்த்து மனை போட்டிருந்தார்கள். பெயருக்கு ஒரு கொக்கு இல்லை. ஆந்திராவில் இப்போது மெஷின் கரும்பு வெட்டுவதால் எங்கள் ஊருக்கு லாரியும் வருவதில்லை. பையன்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு பஸ் ஏறுகிறார்கள். அவர்களுக்காக யாரும் பலகை எழுதி வைக்கவில்லை.

கிளம்பும்போது, நானும் அவரிடம் படித்தவள்தான் என்று சொன்னேன்.

"அடடே, நம்ம பொண்ணா? எந்த பேட்ச்சும்மா நீ?" என்று பாசமாகக் கேட்டார்.

"ரெண்டு பேட்ச்சு சார்" என்றேன்.