லெம்பி கற்ற இரண்டு சொற்கள்

லாபுவா ஆற்றங்கரையில் இருக்கிற ஹாப்பகோஸ்கியில் லெம்பியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஏப்ரன் கதையைத்தான் சொல்வார்கள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. மருந்துக்கடை எக்ஹோல்ம் வீட்டில் வேலைக்கு இருந்தாள். எக்ஹோல்ம் குடும்பமும் பின்லாந்து மண்ணில் பிறந்து வளர்ந்ததுதான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் சுவீடன் பேச்சு மட்டும்தான். அந்தப் பேச்சு பேசுகிறவர்கள் பெரிய மனிதர்கள், பேசாதவர்கள் அவர்களுக்குப் பால் கறந்து கொடுக்கிறவர்கள் என்று பல தலைமுறையாக நடந்துவந்த ஏற்பாடு அது. ஒரு விருந்தன்று காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு லெம்பி தன் பின்லாந்துப் பேச்சில் ஏதோ சொல்ல, வீட்டம்மாள் விருந்தாளிகள் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் மாட்டுக் கொட்டகையில வச்சுக்கோ" என்றாள்.

லெம்பி இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து வாசல் கேட்டில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். "இனி அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். அவங்க பேச்சு என் வாயில வராது" என்று அப்பாவிடம் சொன்னாள். ஊரே கொண்டாடியது. வீம்புக்குப் பேர்போன அந்தச் சமவெளியில் அவள் வீம்பு தனியாகத் தெரிந்தது.

பிறகு உர்ஹோவுக்குக் கழுத்தை நீட்டினாள். ஹெல்வி பிறந்தாள். உர்ஹோ போர்முனைக்குப் போனான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்காம் வருடக் குளிர்காலத்தில் லெம்பிக்கு நுரையீரலில் சளி கட்டிப் படுத்த படுக்கை ஆகிவிட்டது. வீட்டில் வயதான அப்பாவையும் நான்கு வயதுக் குழந்தையையும் தவிர யாருமில்லை. பிள்ளைகளைச் சுவீடனுக்கு அனுப்புகிறார்கள், அங்கே சண்டை இல்லை, சாப்பாடு இருக்கிறது என்றார்கள் சர்ச்காரர்கள். கழுத்தில் பெயர் அட்டை கட்டி ஹெல்வியை ரயிலேற்றினார்கள். ரயிலுக்குள் இருந்தவர்கள் அவளை ஜன்னலோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தபோது, "பப்பா, பப்பா" என்று அவள் அழுதது தாத்தாவைப் பார்த்துத்தான். லாபுவா ஆற்றுப் பக்கம் தாத்தாவுக்குப் பப்பா என்றுதான் பெயர்.

அந்தக் கோடையில் உர்ஹோ செத்த செய்தி வந்தது. அடுத்த வசந்தத்தில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். லெம்பி பிழைத்துக்கொண்டாள். சுவீடனில் குழந்தையை வைத்திருந்த ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் நோர்ட்வாலும் அவர் மனைவியும், ஹெல்வியைத் தங்கள் பிள்ளையாகவே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு அனுப்பினார்கள். உர்ஹோவின் தம்பி யல்மரி இதைக் கேட்டுக் குதித்தான். போரிலிருந்து ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பியவன் அவன்.

"நாம ரத்தம் சிந்திக்கிட்டு இருந்தப்ப சுவீடன்காரன் இரும்பு வித்துக்கிட்டு இருந்தான், அண்ணி. இப்ப நம்ம பிள்ளையும் வேணுமாம்ல!"

"குடுக்கிறேன்னு நான் சொன்னேனா?"

"கெட்டவனுங்களா இருந்தாக்கூடப் பரவாயில்ல. நல்லவனுங்க. எல்லாத்துலயும் நல்லவனுங்க. அதான் எனக்குப் பொறுக்கல."

நாற்பத்தாறாம் வருட இலையுதிர்காலத்தில் ஹெல்வி திரும்பி வந்தாள். சிவப்புக் கோட்டு, தோல் ஷூ, தலையில் ரிப்பன். லெம்பி கட்டிக்கொள்ளக் குனிந்தாள். குழந்தை ஓரடி பின்வாங்கி, முழங்காலை மடித்து மரியாதை செய்து, கையை நீட்டியது. லெம்பி அந்தக் கையைக் குலுக்கினாள். தன் மகளோடு கை குலுக்கிய ஒரே தாய் அந்த ரயில் நிலையத்தில் அவளாகத்தான் இருப்பாள்.

பின்லாந்துப் பேச்சில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. வாயைத் திறந்தால் சுவீடன் பேச்சுதான். முதல் நாள் மாலை ஹெல்வி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, "கிஸ்ஸா, கிஸ்ஸா" என்றாள். லெம்பியின் பேச்சில் கிஸ்ஸா என்றால் பூனை. அட, ஒரு சொல்லாவது நினைவிருக்கிறதே என்று லெம்பிக்குப் பூரிப்பு. ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து பூனையைப் பிடித்து வந்து மடியில் வைத்தாள். குழந்தை பூனையோடு சேர்த்துப் பாவாடையையும் நனைத்துவிட்டு விக்கி விக்கி அழுதது. சுவீடன் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒன்றுக்குப் போகவேண்டும் என்று அர்த்தமாம், பின்னால்தான் தெரிந்தது. பக்கத்துப் பண்ணைக்காரி சிரித்துக்கொண்டே, "உன் வீட்டுல ஒரு குட்டி ஹுர்ரி வளருது லெம்பி" என்றாள். சுவீடன் பேச்சுக்காரர்களுக்கு அந்தப் பக்கத்து வசைச் சொல் அது. லெம்பி சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து ஹெல்வி ஜன்னலருகே நின்று வெளியே கையைக் காட்டி, "பப்பா?" என்றாள். திரும்பத் திரும்பக் கேட்டாள். லெம்பிக்கு நெஞ்சு உருகிப்போனது. என்னை மறந்தாலும் தாத்தாவை மறக்கவில்லை பார் என்று நினைத்தாள். கைபிடித்து சர்ச் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். அப்பாவின் கல்லறையைக் காட்டி, "பப்பா" என்றாள். தரையைத் தொட்டாள். கண்ணை மூடிக் கையைக் குவித்துக் காட்டினாள். தனக்கே அழுகை வந்துவிட, அழவும் செய்தாள். எழுத்துப் படிக்கத் தெரியாத ஆறு வயதுக் குழந்தை அந்தக் கல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றிலிருந்து ஹெல்வி சாப்பிடுவதை நிறுத்தினாள். கஞ்சியை வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டாள். கறுப்பு ரொட்டியை வாயில் திணித்தால் கன்னத்திலேயே ஒதுக்கி வைத்திருந்து துப்பினாள்.

"வெள்ள ரொட்டி தின்ன நாக்கு. பசிச்சா தானா வரும்" என்றான் யல்மரி.

லெம்பிக்கும் அப்படித்தான் பட்டது. இந்த வீட்டில் இதுதான் ரொட்டி, இதைத் தின்றுதான் நாங்கள் ஒரு பெரிய நாட்டையே எதிர்த்து நின்றோம் என்று ரோஷம் வந்தது. ஒரு நாள் பிடிவாதத்துக்குப் பிடிவாதமாகத் தட்டை எடுக்காமல் பொழுது சாயும்வரை குழந்தையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தை அசையவில்லை. அந்த வீம்பைப் பார்த்தபோது, இது என் ரத்தம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதுவே பயமாகவும் இருந்தது.

சுகாதாரச் செவிலி வந்து பார்த்தாள். "உடம்புல நோய் எதுவும் இல்ல. ஆனா இப்படியே விட்டா இந்தக் குளிரத் தாண்டாது. அவ மனசுல என்ன இருக்குன்னு அவ பேச்சுலயே யாராவது கேக்கணும்."

ஊரில் அந்தப் பேச்சுத் தெரிந்தவள் ஒருத்திதான்.

லெம்பி குழந்தையைப் போர்வையில் சுற்றி முதுகில் தூக்கிக்கொண்டு மருந்துக்கடை கேட்டைத் திறந்தாள். எக்ஹோல்ம் அம்மாள் இப்போது கிழவி. யாரென்று புரிந்ததும் கிழவியின் முகம் வெளுத்தது. லெம்பி வந்த விஷயத்தைச் சொன்னாள். தயவு செய்து என்ற சொல்லையும் சேர்த்தே சொன்னாள்.

கிழவி ஹெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல ஏதோ கேட்டாள். குழந்தை நிமிர்ந்தது. பிறகு மதகு திறந்த மாதிரி பேசியது. கையை ஆட்டிப் பேசியது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசியது. தன் மகளுக்கு இவ்வளவு அழகான குரல் இருக்கிறது என்று லெம்பி அப்போதுதான் தெரிந்துகொண்டாள். ஒரு சொல்லும் புரியவில்லை. கதவருகே வேலைக்காரி மாதிரி நின்றுகொண்டு கேட்டாள்.

"லெம்பி, நீ இவகிட்ட அவ அப்பா செத்துட்டாருன்னு சொன்னியா?"

"உர்ஹோவையா? இல்லம்மா. எங்க அப்பாவத்தான்... பப்பா எங்கன்னு கேட்டா. கல்லறையக் காட்டினேன்."

"ஐயோ! சுவீடன் பேச்சுல பப்பான்னா தாத்தா இல்ல. அப்பா. அந்த ஸ்டேஷன் மாஸ்டரத்தான் கேட்டிருக்கா. ஆப்பிள் பழுக்கிறதுக்குள்ள வந்து பாக்குறேன்னு சத்தியம் பண்ணாராம். வரல. இங்கயே கொண்டாந்து மண்ணுல போட்டுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா." கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் உயிரோடதான் இருக்காருன்னு சொல்லிடட்டுமா?"

லெம்பியின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது. "வேண்டாம்."

கிழவி ஏறிட்டுப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. இன்னிக்கு வேண்டாம்."

முதுகில் குழந்தையோடு வயல் வழியே திரும்பும்போது ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. அவர் இருக்கிறார் என்று தெரிந்தால் இவள் அங்கேதான் நினைப்பாக இருப்பாள். செத்துவிட்டார் என்றால் அழுவாள், ஓய்வாள், மறப்பாள். போக இடமில்லாத பிள்ளை என்னிடம்தான் வந்தாக வேண்டும். புருஷனைப் போருக்குக் கொடுத்தவள் இந்த ஒன்றை வைத்துக்கொள்ளக் கூடாதா?

யல்மரியிடம் சொன்னாள். அவன் தொடையைத் தட்டினான். "நல்லதாப் போச்சு! செத்தவனாவே இருக்கட்டும். பகையாளி தானா ஒழிஞ்சான்!"

தன் மனதில் இருந்ததையே அவன் வாயால் கேட்டபோது லெம்பிக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. ஆனாலும் கிழவியைத் தேடிப் போகவில்லை.

சனிக்கிழமை சவுனாவைச் சூடாக்கினாள். ஆவி நிறைந்த அந்த மர அறையில் குழந்தையை மடியில் வைத்துக் குளிப்பாட்டினாள். விலா எலும்புகள் விரலில் தட்டின. தண்ணீரை மொண்டு ஊற்றும்போது ஹெல்வி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டுப் பழகிய சொல்லை, உடைந்த உச்சரிப்பில், காதருகே சொன்னாள்.

"அம்மா."

இந்தச் சொல்லுக்காகத்தான் லெம்பி இரண்டரை வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அது கிடைத்துவிட்டது. எதனால் கிடைத்தது என்றும் அவளுக்குத் தெரியும். இந்தக் குழந்தை தன்னை அநாதை என்று நம்பித்தான் கையில் அகப்பட்ட கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. லெம்பி ஆவிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மறுபடி மருந்துக்கடைக்குப் போனாள்.

"வா, நானே வந்து அவகிட்டச் சொல்றேன்" என்றாள் கிழவி.

"இல்லம்மா. பொய்யச் சொன்னது நான். நானே சொல்லணும். பப்பா உயிரோட இருக்காருன்னு உங்க பேச்சுல எப்படிச் சொல்றது?"

"பப்பா லேவெர்."

"லேவர்."

"லே...வெர். அவசரப்படாத."

லெம்பி வழியெல்லாம் வேலிக்கும் காக்கைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். படுக்கைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "பப்பா லேவெர்" என்றாள். குழந்தை நம்பவில்லை. இன்னொரு முறை சொன்னாள். கிழக்கே கல்லறைப் பக்கம் காட்டிக் கையை வீசி இல்லை என்றாள், மேற்கே கடல் பக்கம் காட்டி, "பப்பா லேவெர்" என்றாள். ஹெல்வி மெல்ல எழுந்தாள். மேசையிலிருந்த ரொட்டியை எடுத்தாள். முழுவதையும் தின்றாள். பால் குடித்தாள். பிறகு ஷூவை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கதவருகே போய் நின்றாள்.

தினமும் நின்றாள். சாப்பிடுவாள், கோட்டைப் போடுவாள், நிற்பாள். அம்மா என்ற சொல் மறுபடி வரவில்லை. பனி விழத் தொடங்கியதும் லெம்பி கதவைப் பூட்டினாள். குழந்தை ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டது. ஊரே தேடியது. தண்டவாளத்தின் நடுவில் நடந்துபோய்க்கொண்டிருந்தவளை ஒரு தபால்காரன் தூக்கி வந்தான். பப்பா ரயில்வேயில் இருக்கிறார், தண்டவாளத்தோடு போனால் அவர் இருக்கிற இடம் வந்துவிடும் என்று அவளுக்குக் கணக்கு. குளிரில் கறுத்த ஒரு கால் விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

"கட்டிப் போடு அண்ணி. ரெண்டு வருஷத்துல சரியாயிடும்" என்றான் யல்மரி.

"விரல் போயிருச்சு யல்மரி. அடுத்தது என்ன போகணும்?"

"திருப்பி அனுப்பினீன்னா நீ பின்லாந்துக்காரியே இல்ல. நான் உன் வாசல மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காத."

லெம்பி கிழவியைக் கொண்டு கடிதம் எழுதவைத்தாள். கடலில் பனிக்கட்டி உடைந்ததும் வாசா துறைமுகத்துக்கு நோர்ட்வால் வந்தார். குள்ளமாக, வழுக்கையாக இருந்தார். ஹெல்வி நொண்டிக்கொண்டே ஓடினாள். அவர் தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. லெம்பிக்கு முன்னால் வந்து நின்று, பாடம்செய்து வந்த பின்லாந்துச் சொல் ஒன்றைத் தப்பும் தவறுமாகச் சொன்னார். நன்றி என்று சொல்ல முயல்கிறார் என்பது புரிந்தது. அவரை வெறுக்க வேண்டும் என்று அவள் பெரும்பாடு பட்டாள். அதுவும் முடியவில்லை. கப்பல் நகர்ந்தபோது குழந்தை அவர் தோளில் தூங்கிவிட்டிருந்தது.

ஊர் பல வருடம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பெற்ற பிள்ளையைச் சுவீடன்காரனுக்குத் தாரை வார்த்தவள் என்றார்கள். ஏப்ரன் கதையைக்கூடக் கொஞ்ச காலம் யாரும் சொல்லவில்லை. ஹெல்வி வரவே இல்லை. ஸ்டாக்ஹோமில் படிக்கிறாள் என்று மட்டும் எக்ஹோல்ம் கிழவி மூலம் தெரிந்தது. பிறகு கிழவியும் இறந்தாள்.

காலப்போக்கில் யல்மரியின் கோபம் கால்வலியோடு சேர்ந்து தளர்ந்தது. வருடா வருடம் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடக்கிற தடகளப் போட்டியை ரேடியோவில் கேட்க அவன் வீட்டில் கூட்டம் கூடும். ஒரு வருடம் லெம்பியையும் கூப்பிட்டான். போட்டி அந்த முறை ஸ்டாக்ஹோமில். கடைசி ஓட்டத்தில் புள்ளிகள் சமமாக இருந்தன. ஆண்கள் மேசையைக் குத்தினார்கள். "ஓடு ராசா, ஓடு, அவன முன்னால விடாத!" கடைசி வளைவில் சுவீடன்காரன் முந்திவிட்டான். ஸ்டேடியம் முழுக்க ஒரே ஆரவாரம் எழுந்து ரேடியோவைப் பிளந்தது.

யல்மரி காறித் துப்பிவிட்டு ரேடியோவை அணைக்கக் கை நீட்டினான். லெம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அணைக்காத."

"அவனுங்க கத்துறத வேற கேக்கணுமா?"

"கேக்கணும்" என்றாள் லெம்பி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரேடியோவில் காதை வைத்தாள். கத்துகிறவர்களில் பெண் குரல்களும் இருந்தன. அவற்றில் ஹெல்வியின் குரல் எது என்று பிரித்துப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.