சூடைக்கு வேப்பிலைத் தண்ணி

மத்தியானச் சாப்பாடு முடிந்து கட்டிலில் சரியும்போது பீற்றர் தன் கால்களைக் கையால்தான் தூக்கி வைப்பார். முதலில் வலது, பிறகு இடது. வைத்துவிட்டு உடுத்திருந்த சாரத்தை இழுத்து மூடி, “ரெண்டு பேரும் சத்தம் போடாமப் படுங்கோ” என்பார். பதின்மூன்று வருடம் ஒரு நாள் தவறாமல் சொன்னார். முதல் வருடம் அதைக் கேட்டதும் மனைவி செலீனா குசினிக்குள் போய் அழுதாள். பிறகு பழகிவிட்டது. சொல்லாமல் அவர் படுத்தால்தான் ஏதோ குறைவது போல இருக்கும்.

பீற்றர் ஆழ்கடலில் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவர். ஒரு நாள் நாலாவது தரமும் இறங்கி, சிலிண்டரில் காற்று முடிகிற நேரத்தில், நின்று நின்று ஏறவேண்டிய ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தார். வள்ளத்தில் ஏறிப் பீடி பற்றவைத்தவர், அது எரிந்து முடிவதற்குள் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. பிள்ளைகள் இல்லை. அதன் பிறகு தோட்டவெளி வீட்டில் அவரும் செலீனாவும் பத்துப் பன்னிரண்டு கோழிகளும்தான். பின்னாளில் இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தமும் வந்து சேர்ந்தது.

பூனை தானாக வந்தது. சூடைமீன் போல மெல்லிசாக, பளபளவென்று இருந்ததால் பீற்றர் அதற்குச் சூடை என்று பெயர் வைத்தார். அவருடைய காலுக்கு மேலேதான் அது படுக்கும். “இவளின்ர சூடு எனக்குத் தெரியுது” என்று ஒரு நாள் சொன்னார். தெரியாது என்று செலீனாவுக்குத் தெரியும். ஓம் என்று மட்டும் சொன்னாள்.

போன வருடம் சோளகக் காற்று வீசத் தொடங்கிய நாள்களில் சூடை சொறியத் தொடங்கியது. கழுத்திலும் வாலடியிலும் மயிர் கொட்டித் தோல் சிவந்து தெரிந்தது.

“இஞ்ச பாரும் செலீனா. செத்துப்போகுமோ?”

கால் போன அன்றுகூட அவருடைய குரலில் அப்படியொரு பயம் இருக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவுமில்லை. இந்தப் பூனைக்கு ஒன்று நடந்தால் இவரும் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று செலீனா நினைத்தாள்.

எருக்கலம்பிட்டியிலிருந்து சனிக்கிழமைகளில் முட்டை வாங்க வருகிறவள் நசீறா. அன்று அவள் வந்தபோது செலீனா மண்ணெண்ணெய்ப் போத்தலும் துணியுமாக நின்றாள்.

“அல்லாஹ்வே, அதை அங்கால வையுங்கோ அக்கா! பூனை உடம்பை நக்கிற சாமான். நக்கினா அதோட முடிஞ்சுது.”

“நாய்க்குப் பூசிறவைதானே?”

“நாய்க்கும் கூடாது. வேப்பிலையை அவிச்சு நல்லா ஆறவிட்டு, துணியில நனைச்சு ஒத்தியெடுங்கோ. பேன்சீப்பால தெள்ளுப்பூச்சியை வாருங்கோ. படுக்கிற சாக்கைக் கொதிதண்ணியில போட்டு வெயிலில காயவிடுங்கோ.”

“ஆர் பிடிக்கிறது? என்ர கையைப் பாரும், எல்லாம் கீறல்.”

கட்டிலில் இருந்த பீற்றர் கையை நீட்டினார். “என்னட்டத் தாரும். முழங்காலுக்கிடையில வைச்சுக் கையால அமத்திறன். எவ்வளவு கீறினாலும் எனக்கு நோகாது.”

நசீறா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இப்பிடியொரு ஆள் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்கோணும் அக்கா.”

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

மூன்று கிழமை, ஒன்றுவிட்ட ஒரு நாள் அது நடந்தது. பீற்றர் சக்கரக் கதிரையில் இருந்து சூடையை அமத்திப் பிடிப்பார். “மகாராணி குளிக்கிறா, ஒருத்தரும் எட்டிப் பார்க்காதேங்கோ” என்பார். சூடை கத்தும், பின்னங்கால்களால் உதைக்கும். வேப்பிலைத் தண்ணீர் அவருடைய சாரமெல்லாம் வழியும். செலீனா வெயிலில் மயிரை விலக்கி விலக்கிப் பார்ப்பாள். சிவப்பு குறைகிறதா, தெள்ளு ஓடுகிறதா என்று ஒவ்வொரு விரற்கடையாகப் பார்ப்பாள்.

ஈரச் சாரத்தைப் பீற்றர் தானே மாற்றிக்கொள்வார். தடி போல மெலிந்துபோன அந்தக் கால்களை யாரும் பார்ப்பதை அவர் விரும்புவதில்லை. செலீனாவும் பார்க்கக் கேட்பதில்லை.

நாலாம் கிழமை பூனைக்குப் புதுமயிர் அரும்பியது. அதே கிழமை பீற்றருக்குக் காய்ச்சல். அறைக்குள் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று செலீனா அலுமாரிக்குப் பின்னால் தேடினாள். பிறகுதான் சாரத்தைத் தூக்கினாள். இடது கெண்டைக்காலில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். கீழே ஒன்று கறுத்துப்போய் இருந்தது.

“எத்தனை நாளாய்ப் பார்க்கேல்லை அம்மா?” என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். பூனையின் தோலில் எந்த இடத்தில் எப்போது மயிர் முளைத்தது என்று கேட்டிருந்தால் செலீனா நாள் கணக்காகச் சொல்லியிருப்பாள்.

உயிரைக் காப்பாற்ற இடது காலை முழங்காலோடு எடுத்தார்கள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அடுத்த சனிக்கிழமை செலீனா சூடையைச் சாக்குக்குள் விட்டுக் கட்டி நசீறாவிடம் நீட்டினாள். “எங்கயாவது கொண்டுபோய் விடும் பிள்ளை. என்னால இதைப் பார்க்கேலாது.”

நசீறா அழுதாள். “நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் அக்கா.”

“சாக்கை அவிழும் செலீனா” என்றார் பீற்றர். “அவள் என்ன செய்தவள்? பிடிச்சது நானெல்லோ.”

செலீனா அவிழ்த்தாள். சூடை வெளியே வந்து, உடம்பை உதறிவிட்டு, கட்டிலில் ஏறியது. படுக்க இடம் தேடிச் சுற்றி வந்தது. இடது கால் இருந்த இடத்தில், விரிப்பின் மேல் சுருண்டது. பீற்றர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது காலையில் செலீனா முதலில் பீற்றருடைய வலது காலைத்தான் பார்க்கிறாள், விரலிடுக்கு விரலிடுக்காக. அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார், வேண்டாம் என்பதில்லை. பிறகுதான் பூனையை வாருவாள். சூடைக்கு மயிர் நிறைய வந்துவிட்டது, சொறிவதில்லை. பீற்றருக்கு ஐம்பத்திரண்டு வயது. மத்தியானத்தில் ஒரு காலைக் கையால் தூக்கி வைத்து, சாரத்தை இழுத்து மூடுகிறார். ஒன்றும் சொல்வதில்லை.