அடுப்புக்கு மேலே ஒரு துணி முடிச்சு

ஹேவாஹெட்டைப் பக்கம் இடி இடித்து மழை பெய்த மறுநாள் காலையில் என் மனைவி வீட்டில் தங்க மாட்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள புற்று மேட்டில் காளான் முளைத்திருக்கும். மடி நிறையப் பிடுங்கி வந்து, மண்ணைத் துடைத்து, கிழித்து வெயிலில் காயப்போடுவாள். காய்ந்ததைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, விறகடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கவிடுவாள்.

"பால்மா டின்னுல போட்டு மூடி வச்சா என்னவாம்? எந்நேரமும் தலையில இடிக்குது" என்று நான் சிடுசிடுப்பேன்.

"டின்னுல வேர்த்துப் போகுங்க. இந்த ஊரு ஈரத்துக்கு அடுப்புச் சூடுதான் காவல். ஒங்களுக்கென்ன, உக்காந்து திங்கத்தானே போறீங்க!"

தின்றேன், உண்மைதான். ஆனால் அந்தக் குழம்பு என்றால் அவளுக்குத்தான் உயிர். மிளகு தூக்கலாக வைத்து, வேறு கறியே கேட்காமல் சாப்பிடுவாள். ஒருமுறை மகன் கண்டிக் கடையிலிருந்து பெட்டியில் அடைத்த வெள்ளைக் காளான் வாங்கி வந்தான். ஒரு வாய் மென்றவள், "என்னடா இது, ரப்பரு!" என்று தட்டைத் தள்ளிவிட்டாள்.

அவள் போனது அடைமழைக் காலத்தில். நெஞ்சு வலிக்கிறது என்றாள். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் காரிய நாள் வரும்வரை சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். நான் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். காரியத்தன்று இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். அவள் கையால் காயவைத்ததையே அவளுக்கு வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். மற்றதை யார் வேண்டுமானாலும் ஆக்கட்டும்.

அன்று காலையில் முடிச்சை அவிழ்த்தேன். புகை வாசமே இல்லை. பச்சைப் பூஞ்சணம், நனைந்த சாக்கு நாற்றம். அடுப்பு இத்தனை நாளும் குளிர்ந்து கிடந்தது அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அவளுக்காக அணைத்த அடுப்பு அது. யாரைப் பிடித்துத் திட்டுவது? ஆத்திரத்தில் அழுதேன்.

"விடுங்கப்பா, நான் டவுனுக்குப் போய்ட்டு வாறேன்" என்றான் மகன்.

மாலையில் படையல் இலையில் அந்த வெள்ளைக் காளானைத்தான் குழம்பு வைத்துப் பரிமாறினோம். அவள் வந்து சாப்பிடட்டும் என்று, வழக்கப்படி எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். 'ரப்பரு' என்று ஒரு வார்த்தை வராதா என்று நான் கதவில் காதை வைத்து நின்றேன்.

தகரக் கூரையில் மழைதான் கேட்டது.