முத்திரை இல்லாத நகல்

மகள் குடியேறியிருக்கும் அயல்நாட்டில், பேத்தி சஹானாவின் பள்ளியில், நிர்வாகக் குழு கூடுவதற்கு மூன்று நாள் முன்பே நிகழ்ச்சி நிரலைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிடுகிறார்கள், எழுத்து வெளிப்பக்கம் தெரியும்படி. பூட்டிய பள்ளியைக் கடந்து போகிறவரும் படிக்க வேண்டுமென்பது இந்த மாநிலத்துச் சட்டம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்வி அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோப்பை யார் கண்ணிலும் படாமல் வைத்திருப்பதே நிர்வாகம் என்று பழகியவன். தினமும் சஹானாவை விட்டுவிட்டு, அந்தக் கதவருகே நின்று படிப்பேன். ஒருநாள் ஆறாவது இனம் இப்படி இருந்தது: 'பள்ளியை மூடுதல், விவாதத்துக்கு மட்டும்.'

இது சார்ட்டர் பள்ளி. அரசு பணம் கொடுக்கும், தனிக் குழு நடத்தும், பட்டயம் என்ற அனுமதிப் பத்திரம் உள்ளவரை உயிரோடு இருக்கும். நம் உதவிபெறும் பள்ளிக்குத் தூரத்துச் சொந்தம். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் பட்டயத்தை ஒப்படைத்துவிடப் பார்த்தார்கள். மூன்று பள்ளி மாறி, இங்கேதான் சஹானா வாய் திறந்து பேச ஆரம்பித்திருந்தாள்.

கூட்டத்தில் யாரும் மூன்று நிமிடம் பேசலாம். குழு பதில் சொல்லாது. நான் பேசும்போது தலைவி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோர் அழுதபோதும் அப்படித்தான். அவமதிப்பு என்று நினைத்தேன். அதுதான் முறை என்று மகள் காதில் சொன்னாள். நான் அழவில்லை. விவாதத்துக்கு மட்டும் என்று அறிவித்த இனத்தில் வாக்கெடுத்தால் செல்லாது என்றேன். குழுவின் வக்கீல் தலைவியிடம் குனிந்து ஏதோ சொன்னார். வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்துக்குப் போனது.

"அப்பா, ஜெயிச்சுட்டீங்க," என்றாள் மகள்.

"ஒத்திவச்சிருக்காங்கம்மா. அதுக்குப் பேரு ஜெயம் இல்ல."

நான் அலுவலகத்தில் இருந்த நாட்களில் இப்படி ஒரு பள்ளி என் மேசைக்கும் வந்தது. நாடு பொருளாதாரக் கதவைத் திறந்து, எங்கள் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஜெய்லானி பாய் அங்கிருந்து திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். அவருடைய அத்தா பெண்பிள்ளைகளுக்காக ஒரு தொடக்கப்பள்ளி நடத்தி, செயலராகவே இறந்துபோயிருந்தார். பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

"உங்களச் செயலரா ஆபீஸ் இன்னும் ஏத்துக்கலையே பாய்."

"அதுக்குத்தான் சார் மனு குடுத்திருக்கேன்."

"மனுவுல செயலர் கையெழுத்து இல்லையே."

"அவங்களத்தான் சார் போன மாசம் அடக்கம் பண்ணினோம்."

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். கமிட்டி கூடித் தீர்மானம் போட்டால் தலைவரே கையெழுத்திடலாம் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மனுவைத் திருப்பினேன். "நகல்ல ஒரு சீல் மட்டும் வச்சுக் குடுங்க சார்," என்றார். தேதியோடு நேராக வைத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஜூன் மாதம் அந்தப் பள்ளி திறக்கவில்லை. பக்கத்துப் பள்ளி ஆற்றுக்கு அக்கரையில். எத்தனை பெண்பிள்ளைகள் பாலம் தாண்டிப் போனார்கள் என்று எந்தப் படிவமும் என்னைக் கேட்கவில்லை.

இங்கே இரண்டாவது நிகழ்ச்சி நிரலில் பிழையே இல்லை. 'வாக்கெடுப்புக்கு' என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். இரண்டு முறை படித்தேன். முறைப்படி கூடினார்கள், முறைப்படி மூன்று நிமிடம் கேட்டார்கள், முறைப்படி மூடினார்கள்.  

எழுதிக் கொண்டுபோயிருந்த ஆட்சேபத்தை எழுத்தரிடம் கொடுத்து, நகலை நீட்டி, "சீல்" என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. உறையில் போட்டு ஒட்டச் சொல்கிறேன் என்று நினைத்து ஒன்றை எடுத்து ஒட்ட வந்தார். கையால் முத்திரை குத்திக் காட்டினேன். அப்படி எதுவும் தங்களிடம் இல்லை என்று வருத்தப்பட்டு, பேனாவால் தேதி எழுதி, கீழே, 'உங்கள் பள்ளிக்காக வருந்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. கடற்கரையில் ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் ஜெய்லானி பாயின் நகலும் இருக்கலாம். அதில் முத்திரை இருக்கிறது. இந்த வரி இல்லை.